லேசாக வைத்தால் நீலம், அழுத்தினால் சிவப்பு

வலது பக்கம் 17 மில்லிமீட்டரில் ஒரு தைராய்டு கட்டி. ஸ்கேன் முடிந்து கழுத்தில் இருந்த ஜெல்லைத் துடைத்துக்கொண்டே அந்த அம்மா கேட்டார்: "கலர் ஸ்கேன்னு ஒண்ணு இருக்காமே டாக்டர், அதுல கேன்சரா இல்லையான்னு நேரா தெரிஞ்சிடுமாமே?" மாதத்துக்கு நாலு பேராவது இதைக் கேட்கிறார்கள், நானும் வாயால் விளக்கி அலுத்துப்போய்விட்டேன். சரி, படுங்கம்மா, காட்டிவிடுகிறேன் என்று மறுபடி ஜெல் போட்டேன்.

அவர் சொன்னது எலாஸ்டோகிராபி. கட்டி எவ்வளவு விறைப்பாக இருக்கிறது என்று அளப்பது. புற்று பெரும்பாலும் கல் மாதிரி கெட்டியாக இருக்கும், சாதாரணக் கட்டி மெத்தென்று இருக்கும் என்பதுதான் அடிப்படை, டாக்டர்கள் காலங்காலமாக விரலால் தடவிப் பார்த்ததும் இதைத்தான். எங்களிடம் இருப்பது ஷியர் வேவ் வகை. கழுத்தில் வைத்து நகர்த்தும் அந்த ஸ்கேன் கைப்பிடி, அதாவது ப்ரோப், ஒரு ஒலித்தள்ளு கொடுத்து, அதனால் திசுவுக்குள் பக்கவாட்டில் ஓடும் அலை எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்த்து, கிலோபாஸ்கல் கணக்கில் ஒரு எண்ணைக் காட்டும். விறைப்பு கூடக்கூட அலையும் வேகமாக ஓடும்.

ப்ரோபைக் கழுத்தில் பட்டும் படாமலும் வைத்து, மூச்சைப் பிடிக்கச் சொன்னேன். கட்டி முழுக்க நீலம், எண் இருபத்துச் சொச்சம். அப்புறம் கையைக் கொஞ்சம், உண்மையாகவே கொஞ்சம்தான், அழுத்தினேன். ஓரத்தில் மஞ்சள் ஏறி, நடுவில் சிவப்பு தட்டி, எண் ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஒரே கட்டி, அரை நிமிஷ இடைவெளி, இடையில் மாறியது என் மணிக்கட்டு மட்டும். அவர் திரையையும் என் கையையும் மாறி மாறிப் பார்த்தார். (எங்கள் மெஷினில் சிவப்பு என்றால் விறைப்பு. வேறு சில கம்பெனி மெஷின்களில் நீலம்தான் விறைப்பு. ரிப்போர்ட்டில் ஒட்டியிருக்கும் வண்ணப் படத்தைப் பார்த்துப் பதறுகிறவர்கள் முதலில் பக்கத்தில் இருக்கும் நிறப்பட்டையைப் பாருங்கள்.)

கை மட்டும்தான் பிரச்சினை என்றாலும் பரவாயில்லை. நீர் கோத்த கட்டியில் இந்த அலை ஓடவே ஓடாது, அதனால் அந்த இடம் வெறுமையாக வரும். சுண்ணாம்பு படிந்த பழைய கட்டி சாதுவானதாக இருந்தாலும் கல்லாகக் காட்டும். மூச்சுக்குழாய்க்கு முன்னால் மெல்லிய இடத்தில் உட்கார்ந்திருக்கும் கட்டிக்கு எண்ணை நம்பவே முடியாது. இதையெல்லாம் விட மோசம், பாப்பிலரி வகைப் புற்றுதான் பொதுவாகக் கெட்டியாக இருக்கும், ஃபாலிகுலர் வகை மெத்தென்றே இருந்து ஏமாற்றும்.

அதனால் நான் முதலில் நம்புவது பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைத்தான். தைராய்டு கட்டிகளுக்கு மதிப்பெண் போட அமெரிக்க ரேடியாலஜி கல்லூரி 2017-இல் கொண்டுவந்த ஏ.சி.ஆர் டைராட்ஸ் முறையும் (மதிப்பெண் கூடினால் சந்தேகம் கூடும்) இந்த விறைப்பைக் கணக்கில் சேர்க்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு கறுப்பு, அகலத்தைவிட உயரம் அதிகமா, ஓரம் எப்படி, வெள்ளைப் புள்ளிகள் உண்டா, இந்த ஐந்துதான். இதில் எனக்குப் பிடித்தது புள்ளிதான். பொடிப்பொடியாக, வால் இல்லாமல் மின்னினால் நுண்சுண்ணாம்பாக இருக்கலாம், அது ஒன்றுக்கே 3 மதிப்பெண். அதே மாதிரி மின்னும் இன்னொன்று உண்டு, ப்ரோபை மெல்லச் சாய்த்தால் பின்னால் வால்நட்சத்திரம் போல ஒரு வால் நீளும். அது உறைந்த கொலாய்டு, தைராய்டுக்குள் இருக்கும் கூழ் மாதிரியான பொருள், வால் நன்றாகப் பெரிதாக இருந்தால் மதிப்பெண் பூஜ்யம். அந்த வாலைத் தேடிச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கும் இரண்டு நிமிஷம், எந்த வண்ணப் படத்தைவிடவும் எனக்கு அதிகம் சொல்கிறது.

இவருடைய கட்டியில் அந்த வால் இருந்தது. திடக் கட்டி, சுரப்பியின் அதே சாம்பல் நிறம், படுத்த வாக்கில், ஓரம் வழவழப்பு. மொத்தம் 3. இந்த வகைக்கு 25 மில்லிமீட்டர் வந்தால்தான் ஊசி குத்தி செல் எடுத்துச் சோதிப்பது, 15-ஐத் தாண்டியதால் ஒரு வருஷம் கழித்து மறுபடி ஸ்கேன்.

புது நுட்பங்களே வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த ஊசிச் சோதனை செய்தும் இரண்டுங்கெட்டானாக ரிசல்ட் வரும்போது, நல்ல கையால் எடுத்த எலாஸ்டோகிராபியில் கட்டி மெத்தென்று இருந்தால் எனக்குக் கொஞ்சம் தெம்பு, அவ்வளவுதான். ரத்தத்தில் நுண்குமிழிகளைச் செலுத்திப் பார்க்கும் கான்ட்ராஸ்ட் ஸ்கேன், ரேடியோ அலையால் சுட்ட கட்டியில் உயிரோடு மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க அருமையான கருவி. குமிழி ரத்தக்குழாயை விட்டு வெளியே போகாது, அதனால் சுட்டுச் செத்த இடம் கறுப்பாக, துல்லியமாக நிற்கும். முதல் ஸ்கேனிலேயே கேட்டு வாங்க வேண்டிய சமாச்சாரம் இல்லை.

கிளம்பும்போது அந்த அம்மா, "இருந்தாலும் அந்தக் கலர் படம் ஒரு பிரிண்ட் கிடைக்குமா?" என்றார். எதும்மா, நீலமா சிவப்பா என்று கேட்டேன். சிரித்துவிட்டார்.