ஓட்டத் தெரியும் என்பதற்குச் சான்று எங்கே? எக்ஸ்கவேட்டர் ஆபரேட்டராக வெளிநாடு சென்ற அனுபவம்

மண் வெட்டும் இயந்திரங்களைப் பதினோரு ஆண்டுகள் ஓட்டிய பிறகுதான் நான் வெளிநாட்டில் வேலை தேடத் தொடங்கினேன். போவதென்று முடிவெடுத்த நாளிலிருந்து அங்கே ஒரு வண்டியின் சாவி என் கைக்கு வந்த நாள் வரை 14 மாதங்கள் ஆயின. அவற்றில் ஓட்டிப் பழகுவதற்கென்று போனவை இரண்டு வாரங்கள்தாம். மற்ற நாட்களெல்லாம், எனக்கு ஓட்டத் தெரியும் என்பதை முன்பின் அறியாதவர்களுக்கு மெய்ப்பிப்பதிலேயே கழிந்தன.

முதல் நேர்காணல் தொலைபேசியில் நடந்தது. என்ன இயந்திரம் ஓட்டுவீர்கள் என்ற கேள்விக்கு ‘பொக்லைன்’ என்றேன். எதிர்முனையில் சிறிது நேரம் பேச்சில்லை. நாம் எந்த நிறுவனத்தின் எக்ஸ்கவேட்டரையும் பொக்லைன் என்றே சொல்லிப் பழகியவர்கள்; அது ஒரு பிரெஞ்சு நிறுவனத்தின் பெயர் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. முன்பக்கம் லோடரும் பின்பக்கம் தோண்டும் கையும் உள்ள வண்டிக்கு நாம் சொல்லும் ஜேசிபி என்ற பெயரும் அப்படித்தான்: 1945-இல் அந்த நிறுவனத்தைத் தொடங்கிய ஜோசஃப் சிரில் பாம்ஃபோர்டின் பெயரின் முதலெழுத்துகள் அவை, வண்டியின் பொதுப்பெயர் பேக்ஹோ லோடர். கேட்பவருக்கு வேண்டியது செயின் வண்டியா டயர் வண்டியா, எத்தனை டன், பக்கெட் தவிர பிரேக்கர் போன்றவற்றை மாட்டி ஓட்டியதுண்டா என்ற விவரங்களே. அடுத்த நேர்காணலில் ‘20 டன் செயின் எக்ஸ்கவேட்டர், ஏழு ஆண்டு, பேக்ஹோ லோடர், நான்கு ஆண்டு, பாறை உடைக்கும் பிரேக்கர் பழக்கம் உண்டு’ என்று ஒரே மூச்சில் சொன்னேன். பேச்சு உடனே சம்பளத்துக்கு நகர்ந்தது.

அனுபவச் சான்றிதழ்களிலும் இதே சிக்கல்தான். என்னிடம் இருந்தவற்றில் ‘இவர் எங்களிடம் ஆபரேட்டராக நன்முறையில் பணிபுரிந்தார்’ என்ற ஒற்றை வாக்கியமே இருந்தது. அதை வைத்து எவரும் என்னை ஜெனரேட்டர் ஆபரேட்டர் என்றுகூட எடுத்துக்கொண்டிருக்கலாம். வண்டியின் வகை, எடை, சேர்ந்த நாள், விலகிய நாள், செய்த வேலை ஆகிய ஐந்தும் வரும்படி மீண்டும் எழுதி வாங்கினேன். ஒரு பழைய நிறுவனம் மூடப்பட்டிருந்ததால், அங்கு வாங்கிய சம்பளச் சீட்டுகளையும், வண்டியின் மணிக்கணக்கு மீட்டரைப் பார்த்து நாள்தோறும் நானே எழுதிவந்த நோட்டுப் புத்தகத்தின் பக்கங்களையும் இணைத்தேன். டீசல் கணக்குக்காக எழுதிய அந்த அழுக்கு நோட்டு, முத்திரை குத்திய கடிதங்களைவிட எனக்கு அதிகம் உதவியது. பாஸ்போர்ட்டில் விரிந்திருந்த இனிஷியல் சான்றிதழ்களில் ஒற்றை எழுத்தாக இருந்ததால், இரண்டும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் தர வேண்டியிருந்தது. சான்றொப்பத்தைப் பொறுத்தவரை, அனுப்பும் நாடும் ஏற்கும் நாடும் 1961-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இருந்தால் ஆவணம் உண்மையானது என்று உறுதிசெய்யும் அப்போஸ்டில் முத்திரை போதும், இல்லையென்றால் தூதரகத்தின் வழியாகச் செல்ல வேண்டும். எனக்கு முத்திரையோடு முடிந்தது.

இடையில் ஒரு முகவர் வந்தார். சுற்றுலா விசாவில் போய் இறங்கிவிட்டால் வேலை விசாவை அங்கேயே மாற்றிக்கொள்ளலாம் என்றார். அதற்கு முன்பணமும் கேட்டார். தனியார் வேலைவாய்ப்பு முகமைகள் தொழிலாளரிடம் நேரடியாகவோ மறைமுகமாகவோ கட்டணம் வாங்கக் கூடாது என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1997-இல் நிறைவேற்றிய 181-ஆம் உடன்படிக்கையின் பொது விதி. ஆனால் எல்லா நாடுகளும் அதை ஏற்கவில்லை, அதில் விதிவிலக்குகளும் உண்டு. பணத்தைவிட என்னைத் தயங்க வைத்தது அவர் காட்டிய ஒப்பந்தம்தான். வாய்ச்சொல்லில் ஆபரேட்டர், தாளில் பொதுத் தொழிலாளி. பெரும்பாலும் விசாவில் எந்தத் தொழில் எழுதியிருக்கிறதோ அதைத்தான் அங்கே செய்ய முடியும். பொதுத் தொழிலாளி என்று போனவரைக் கேபினில் உட்கார வைத்தால், விபத்து நேரும்போது காப்பீடும் சட்டமும் அவர் பக்கம் நிற்பது கடினம். விலகிவிட்டேன். பிறகு நேரடியாக விண்ணப்பித்துக் கிடைத்த ஒப்பந்தத்தில் தொழிலின் பெயர், அடிப்படைச் சம்பளம், மிகைநேரக் கணக்கு, தங்குமிடம், திரும்பும் பயணச்சீட்டை யார் தருவது, பாஸ்போர்ட் யார் கையில் இருக்கும் ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டு, பதில்களை மின்னஞ்சலில் எழுத்தாகவே பெற்றுக்கொண்டேன்.

மருத்துவப் பரிசோதனையில் எனக்கு ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் இஷிஹாரா அட்டைகளைத் தடங்கலின்றிப் படித்துவிட்டேன்; ஆனால் செவித்திறன் வரைபடத்தில் இடக்காதின் கோடு 4000 ஹெர்ட்ஸ் அருகே பள்ளம் விழுந்து கிடந்தது. இரைச்சலால் கெடும் காதுக்கு அதுதான் அடையாளம் என்றார் மருத்துவர். காற்றுக்காக இடப்புறக் கதவைத் திறந்துவைத்தே பிரேக்கர் ஓட்டியதன் பலன் என்று நினைக்கிறேன். தகுதி கிடைத்தது, காதடைப்பான் கட்டாயம் என்ற குறிப்பும் கூடவே வந்தது.

இனி செய்முறைத் தேர்வு. அதில் நான் முதல் முறை தோற்றேன்.

நான் தொழில் கற்றது ஒரு பழைய பேக்ஹோ லோடரில். அதில் பூமை, அதாவது வண்டியோடு இணைந்த பெரிய கையை, ஏற்றி இறக்குவது இடக்கை; ஆர்மை, அதாவது அதன் நுனியில் பக்கெட்டைத் தாங்கும் சிறிய கையை, நீட்டி மடக்குவது வலக்கை. எஸ்ஏஇ முறை என்பார்கள். பிறகு நான் ஓட்டிய எக்ஸ்கவேட்டரில் முறை மாற்றும் வால்வு இருந்ததால், முதலாளி எனக்கு வசதியாக அதையும் அப்படியே திருப்பி வைத்திருந்தார். தேர்வு வண்டியோ ஐஎஸ்ஓ முறை: சுழற்சியும் பக்கெட்டும் இருந்த கையிலேயே இருக்க, பூம் வலக்கைக்கும் ஆர்ம் இடக்கைக்கும் இடம் மாறியிருந்தன. இதை நான் கேட்கவும் இல்லை, கேபினில் ஒட்டியிருந்த வரைபடத்தைப் பார்க்கவும் இல்லை. ஓரமாக நட்டிருந்த மரக்குச்சியைத் தொடாமல் பள்ளத்திலிருந்து மண்ணை எடுக்கச் சொன்னார்கள். பக்கெட் நிரம்பியதும் பூமை உயர்த்த இடக்கையைப் பின்னுக்கு இழுத்தேன். பூம் அசையவில்லை, ஆர்ம் மடங்கி முழுப் பக்கெட்டும் கேபினை நோக்கி வந்தது. பதறிக் கையை விட்டபோது பக்கெட் ஒருபக்கம் ஆடிக் குச்சியை வேரோடு சாய்த்திருந்தது. தேர்வாளர் ஒன்றும் சொல்லாமல் என்ஜினை அணைக்கும்படி கைகாட்டினார். நான் முதுகைக் காட்டியபடி கீழே குதித்து இறங்கினேன். அதற்கும் ஒரு மதிப்பெண் போயிற்று. வண்டியைப் பார்த்தபடி, இரு கை ஒரு கால் அல்லது இரு கால் ஒரு கை எப்போதும் பிடிமானத்தில் இருக்குமாறு இறங்க வேண்டும் என்பது அங்கே விதி.

மறுதேர்வுக்கு இரண்டு வாரம் கிடைத்தது. பயிற்சிக்கு வண்டி கிடைத்தது நான்கு நாட்கள்தாம். மற்ற நாட்களில் நாற்காலியில் உட்கார்ந்து, தொடையருகே இரண்டு காலித் தண்ணீர் பாட்டில்களை நிறுத்தி, அவற்றைச் சாய்த்துச் சாய்த்துக் கையைப் பழக்கினேன். பார்த்தவர்கள் சிரித்தார்கள். தெரியாததைக் கற்பதைவிட, தெரிந்த ஒன்றைக் கையிலிருந்து இறக்குவது பெரும்பாடு. இரண்டாம் முறை, ஏறியதும் எந்த முறை என்று கேட்டு, மண்ணைத் தொடாமல் ஐந்து நிமிடம் அசைத்துப் பார்க்க அனுமதி பெற்றேன். நகர்த்துவதற்கு முன், செயினைச் சுழற்றும் பற்சக்கரமான ஸ்ப்ராக்கெட் பின்பக்கம் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டேன், ஏனெனில் கேபின் உள்ள மேற்கட்டு பின்னோக்கித் திரும்பியிருந்தால் முன்னே போக மிதித்த பெடல் வண்டியைப் பின்னே கொண்டுபோகும். தேர்ச்சி பெற்றேன். கேட்டதற்காக யாரும் என்னைக் குறைவாக மதிக்கவில்லை.

போய்ச் சேர்ந்ததும் சாவி தருவார்கள் என்று எண்ணியிருந்தேன். என் பழைய உரிமம் அங்கே செல்லாது, உள்ளூர்ச் சான்று வரும்வரை காத்திருக்க வேண்டும் என்றார்கள். ஏழு வாரம் செயின் சுத்தம் செய்தேன். ஸ்ப்ராக்கெட் பற்களுக்கும் ரோலர்களுக்கும் இடையே இறுகிய களிமண்ணை மண்வெட்டியால் குத்திக் குத்தி எடுக்க, மாலையில் மணிக்கட்டு வீங்கிவிடும். ஆனால் அந்தத் தளத்தின் பேச்சு காதில் ஏறியது அப்போதுதான்: நாம் ‘ஸ்விங்’ என்பதை அங்கே ‘ஸ்லூ’ என்றார்கள், ஆர்முக்கு ‘டிப்பர்’ என்றார்கள். பெயர் தெரியாமல் முதல் நாளே கேபினில் ஏறியிருந்தால், வயர்லெஸ்ஸில் டிப்பர் என்றதும் மண் லாரியைத் தேடியிருப்பேன்.

வேலையின் ஒழுங்கும் வேறு. தோண்டிய மண்ணைப் பள்ளத்தின் விளிம்பிலேயே குவிப்பது என் பழைய வழக்கம். அங்கே தள்ளிக் கொட்டாவிட்டால் வேலையை நிறுத்திவிடுவார்கள், குவியலின் பாரம் பள்ளத்தின் சுவரைச் சரிக்கும் என்பதால். பக்கெட் பல்லில் சங்கிலியை மாட்டிக் குழாயைத் தூக்குவதும் கூடாது. அதற்கான கொக்கியும், கை எவ்வளவு நீண்டால் எவ்வளவு தூக்கலாம் என்னும் சுமை அட்டவணையும் வேண்டும்.

எட்டாவது வாரம், 22 டன் வண்டி ஒன்றைத் தந்தார்கள். மீட்டரில் இருந்த மணிக்கணக்கைப் புதிய நோட்டின் முதல் வரியில் எழுதினேன். இப்போதும் காலையில் சூடேற்றும்போது, மண்ணைத் தொடுவதற்கு முன் பூமை வலக்கையால் ஒருமுறை ஏற்றி இறக்கிப் பார்க்கிறேன். சில நாட்களில் இடக்கைதான் முதலில் அசைகிறது.