இளவரசிக்கு முன்பே இருந்த பெயர்

அல்பேனியாவில், சரந்தா என்ற ஊரிலிருந்து வந்த பஸ் கீழே புது ஊரில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. பழைய ஜிரோகாஸ்தர் மலைமேல். பெட்டியை இழுத்துக்கொண்டு மூச்சிரைக்க ஏறிக் கடைத்தெருவை அடைந்ததும் சறுக்கி விழுந்தேன். தரையில் பாவிய கல் நடந்து நடந்தே மெழுகு பூசியதுபோல் ஆகிவிட்டது, தூறல் வேறு. கடைக்காரர் ஒருவர் சிரித்துக்கொண்டே தூக்கிவிட்டார்.

தங்கிய வீட்டம்மா இரவு கிஃப்கி போட்டார். சோற்றில் முட்டையும் புதினாவும் பிசைந்து, குழிச்சட்டியில் சுட்டெடுக்கும் உருண்டை. ஏறக்குறைய நம் பணியாரச் சட்டியேதான்! நான்காவது உருண்டையில் ஊர்ப்பெயரைப் பற்றிக் கேட்டேன். துருக்கியர் கோட்டையைப் பிடித்தபோது இளவரசி அர்ஜிரோ கைக்குழந்தையோடு மதிலிலிருந்து குதித்தாளாம். அவள் போய்விட்டாள், குழந்தை பிழைத்ததாம். பாறையே அதற்குப் பால் சுரந்ததாம். அவள் பெயர்தான் ஊருக்கு.

கதை அழகு, கணக்குதான் உதைக்கிறது. துருக்கியர் இங்கே வந்தது 1417 வாக்கில். ஆனால் பைசாந்தியப் பேரரசராக இருந்து பிறகு துறவியான ஆறாம் யோவான் காண்டகூசினோஸ் தன் வரலாற்று நூலில் 1336-ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளைச் சொல்லும்போதே 'ஆர்கிரோகாஸ்ட்ரோ' என்று எழுதிவிட்டார். இளவரசி குதிப்பதற்கு எண்பது வருடம் முன்பே ஊருக்குப் பெயர் இருந்திருக்கிறது.

கிரேக்கத்தில் அதற்கு வெள்ளிக்கோட்டை என்று அர்த்தம். ஏன் வெள்ளி? மறுநாள் காலை கோட்டையிலிருந்து பார்த்தபோது, மழையில் நனைந்த கற்பலகைக் கூரைகள் பளபளத்தன. ஆகா, கண்டுபிடித்துவிட்டேன் என்று துள்ளினேன். அப்புறம்தான் உறைத்தது: இந்தப் பெரிய வீடுகளெல்லாம் பெரும்பாலும் 17-ஆம் நூற்றாண்டுக்குப் பிந்தியவை. பேர்போன ஜெகாதே மாளிகையே 1812 வாக்கில் கட்டியதுதான். என் ஊகமும் போச்சு. ஆர்கிரெஸ் என்ற பழங்குடியின் பெயர் என்றும் ஒரு கட்சி உண்டு. கோட்டைக்குள் தோண்டியபோது கிடைத்த பானையோடுகளோ இந்தப் பெயர்களுக்கெல்லாம் வெகுகாலம் மூத்தவை. அந்தப் பானையில் சமைத்தவர்கள் இந்தக் குன்றை என்ன சொல்லிக் கூப்பிட்டார்களோ!

இறங்கி வந்து வீட்டம்மாவிடம் 1336 விஷயத்தைச் சொன்னேன். "சரி, இருக்கட்டும்" என்றவர், வாசலுக்கு அழைத்துப்போய்க் கோட்டையின் அடிப்பாறையைக் காட்டினார். சுண்ணாம்பு வழிந்து உறைந்த வெள்ளைக் கோடுகள். "அப்போ அது என்ன?"