கறுப்பிக்கு ஒப்பனை

மே 25, 2024, சனி

இங்கிலாந்தின் கம்பிரியாவில் புல் திமுதிமுவென்று கிளம்பிவிட்டது. எனக்குத்தான் பயம். கறுப்பி, ஃபெல் இன மட்டக்குதிரை. மலைச்சரிவின் கட்டைப்புல்லில் பிழைத்து வந்த சாதி. இந்தச் செழித்த புல்லை வயிறாரத் தின்றால் லேமினைட்டிஸ் வரும். குளம்புக்குள் அழற்சி கண்டு காலை ஊன்றவே முடியாமல் போகும். அதனால் வாய்க்கூடை மாட்டித்தான் மேயவிடுகிறோம்.

ஷோவுக்கு, அதாவது குதிரை அழகுப் போட்டிக்குப் போகிற குதிரை மொழுமொழுவென்று இருக்க வேண்டும் என்று இங்கே பலருக்கு நினைப்பு. கொழுப்பு ஏறினால் உடற்கட்டின் குறைகள் மறைந்துவிடும், அவ்வளவுதான். விலா எலும்பு கண்ணுக்குத் தெரியக் கூடாது, கை வைத்தால் தட்டுப்பட வேண்டும். இதுதான் எங்கள் கணக்கு.

ஜூன் 6, வியாழன்

காலடி முடிக்கு, அதாவது குளம்பின் மேல் தொங்கும் நீள முடிக்கு, எண்ணெயும் கந்தகத் தூளும். கடையில் பன்றி எண்ணெய் என்று விற்பது இப்போதெல்லாம் மினரல் ஆயில்தான். தடவிவிட்டால் முடியில் சேறு பிடிக்காது, பூச்சித் தொல்லையும் குறையும். சில குதிரைகளுக்குத் தோல் பொங்கிவிடும் என்பதால், முன்பே ஒரு சின்ன இடத்தில் தடவிப் பார்த்துக்கொண்டோம். லாயம் முழுக்க தீபாவளிக்கு மறுநாள் காலைத் தெருவைப் போல மணக்கிறது.

ஜூன் 13, வியாழன்

கறுப்பியை ஓட்டப்போவது என் மகள். அவள் தோழி ஹன்டர் (வேட்டைக் குதிரை) வகுப்பில் ஓட்டுகிறாள். தோழியின் குதிரைக்குப் பிடரி மயிரைப் பின்னி உருட்டித் தைத்து, பின்தொடையில் சீப்பால் சதுரங்கக் கட்டம் போட்டிருக்கிறார்கள். மகளுக்கும் ஆசை வந்துவிட்டது. ஃபெல் போன்ற பிரிட்டனின் நாட்டு இனங்களுக்கு அதெல்லாம் கூடாது. காப் வகுப்பில் வரும் கட்டுமஸ்தான குதிரைக்குப் பிடரியை ஒட்ட மழிப்பார்கள். ஃபெல்லுக்குப் பிடரி, வால், காலடி முடி எல்லாம் வளர்ந்தபடியே இருக்க வேண்டும். கடிவாளமும் சாதாரணப் பழுப்புத் தோல். நெற்றிப்பட்டையில் கலர் ரிப்பன் சுற்றினால் முகம் சுளிப்பார்கள்.

"அப்போ நமக்கு வேலையே இல்லையாம்மா?"

சொன்னவள்தான் அப்புறம் ஒரு மணி நேரம் வாலோடு உட்கார்ந்திருந்தாள். சீப்புப் போட்டால் முடி அறுந்துவிடும். விரலாலேயே ஒவ்வொரு இழையாகப் பிரிக்க வேண்டும். கை வைக்காதது போலத் தெரிவதற்கு எவ்வளவு கை வைக்க வேண்டியிருக்கிறது!

ஜூன் 14, வெள்ளி

குளிப்பாட்டல். ஷாம்பு போடுவது சுலபம், அலசுவதுதான் பாடு. கொஞ்சம் தங்கினாலும் காய்ந்ததும் கறுப்பு உடம்பில் பொடுகு மாதிரித் தெரியும். பளபளப்பு ஸ்ப்ரே வாலுக்கும் பிடரிக்கும் மட்டும்தான். சேணம் உட்காரும் இடத்தில் பட்டால் வழுக்கும். கடிவாளத்தைத் துண்டு துண்டாகக் கழற்றித் தோலுக்குச் சோப்பு போட்டேன். வாயில் போகும் இரும்புக்கு வெறும் தண்ணீர். கறுப்பியின் பாஸ்போர்ட்டையும் (குதிரைக்கான அடையாள ஆவணம்) வண்டியில் வைத்தாயிற்று.

ஜூன் 15, சனி

பெரிய நாட்டு இனங்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே வகுப்பு. ஹைலேண்ட், கனமாரா, வெல்ஷ் காப், கறுப்பி என்று ஒரே வட்டத்தில். ஒன்றோடொன்று ஒப்பிடுவதில்லை, அதது தன் இனத்தின் இலக்கணத்துக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பதுதான் கேள்வி. வாக் (நடை), ட்ராட் (துள்ளு நடை), கேன்டர் (மெதுவான பாய்ச்சல்). வலப்பக்கம் திரும்பியதும் கறுப்பி கேன்டரைத் தப்பான காலில் எடுத்துவிட்டது, வட்டத்தின் உட்பக்க முன்கால் முந்துவதற்குப் பதில் வெளிப்பக்கக் கால் முந்திவிட்டது. மகள் பதறாமல் ட்ராட்டுக்கு இழுத்து மறுபடி கிளப்பினாள். தனியாக ஓட்டிக் காட்டும்போது இரண்டு பக்கமும் சுத்தம்.

அப்புறம் என் முறை. சேணத்தை இறக்கித் தரும்போது துணையாள் உள்ளே போகலாம். நானும் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, துண்டும் பிரஷ்ஷுமாக ஓடினேன். சேணம் இருந்த இடத்தில் வியர்வையில் முடி நாலா பக்கமும் ஒட்டிக் கிடந்தது. ஈரத்துணியால் ஒற்றி, முடி விழும் திசையிலேயே பிரஷ் போட்டு, உதட்டோரப் பச்சை நுரையையும் துடைத்தேன். நடுவர் அம்மா குனிந்து, காலடி முடிக்கு மேலே எலும்பைத் தடவிப் பார்த்தார். ஃபெல்லுக்கு முழங்காலுக்குக் கீழே 8 அங்குலச் சுற்றளவாவது வேண்டும். கறுப்பிக்கு அதில் குறையே இல்லை. பிறகு கையில் பிடித்து ஓடிக் காட்டச் சொன்னார்.

மூன்றாவது. மஞ்சள் ரோசெட் (பரிசு ரிப்பன் பூ). பிரிட்டனில் சிவப்புதான் முதல் பரிசு, நீலம் அதற்கு அடுத்தது. சிவப்பை ஒரு சாம்பல் நிற ஹைலேண்ட் கொண்டுபோனது. அதன் நடையைப் பார்த்த யாரும் குறை சொல்ல முடியாது. "உன் குதிரைக்கும் நல்ல நடை, கேன்டரை மட்டும் கவனி" என்றார் நடுவர்.

புகைப்படத்தில் பார்த்தால் மகளின் ட்வீட் ஜாக்கெட் கை மணிக்கட்டுக்கு மேலே ஏறி நிற்கிறது. போன வருஷம் பெரிதாக இருக்கிறதே என்று யோசித்து வாங்கியது. அடுத்த ஷோவுக்குள் செகண்ட் ஹேண்டில் ஒன்று தேட வேண்டும்.