சரிவுக்கு மானியம் இல்லை

சிம்லாவில் ஓர் ஏழை சொந்த இடத்தில் வீடு கட்டினால் மத்திய அரசின் பங்கு 2.25 லட்சம் ரூபாய். ஊட்டியில் கட்டினால் 1.50 லட்சம். 2024 செப்டம்பரில் தொடங்கிய பிரதமரின் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டம் இப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறது. இமாச்சலம் மலை மாநிலம். நீலகிரி தமிழ்நாட்டுக்குள் இருப்பதால், கோப்பில் நாங்களும் தஞ்சாவூர்க்காரர்களும் ஒன்று.

உடனே கோபப்பட வேண்டாம். இங்கே மாநில அரசு குறைந்தது 1 லட்சம் போட வேண்டும். அங்கே 25 ஆயிரம் போட்டால் போதும். கூட்டினால் இரண்டு இடத்திலும் இரண்டரை லட்சம்தான். எனக்கு உறுத்துவது வேறு. மலை மாநிலத்துக்குக் கொடுத்த சலுகை அதன் கஜானாவுக்குத்தான் போகிறது. சரிவில் கட்டுவதற்கு என்று சிம்லாக்காரருக்கும் ஒன்றும் இல்லை, நமக்கும் இல்லை.

நான் ஊட்டியில் கட்டட வரைபடம் போட்டுக் கொடுப்பவன். காந்தல் பக்கத்துச் சின்ன வீடுகள்தான் பெரும்பாலும் என் பிழைப்பு. (சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடும் காட்டேஜ் வேலை வந்தால் மறுத்துவிடுவேன் என்று பொய் சொல்ல மாட்டேன். அதில்தான் அலுவலக வாடகை கட்டுகிறேன்.) போன மாதம் ஓர் அக்கா வந்தார். ஹோட்டல் ஒன்றில் அறைகளைச் சுத்தம் செய்கிறார். ஒன்றரை சென்ட் இடம், பட்டா இருக்கிறது, சாலையிலிருந்து படியில் இறங்கிப் போக வேண்டும்.

"வீட்டுக்கு எவ்வளவு ஆகும் சார்?" என்றார்.

"முதலில் சுவருக்கு எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள் அக்கா" என்றேன்.

சமவெளியில் இருப்பவர்களுக்கு இது புரியாது. இங்கே வீடு கட்ட முதலில் தரையைக் கட்ட வேண்டும். மேட்டை வெட்டினால் பின்னால் நிற்கும் மண்ணைத் தாங்க ஒரு தடுப்புச்சுவர். வெட்டிய மண்ணைக் கொட்டி முன்னால் சமப்படுத்தினால் அதைத் தாங்க இன்னொன்று. கருங்கல், சிமென்ட், எம்-சாண்ட் எல்லாம் லாரியில் வந்து சாலையோரம் இறங்கும்; அங்கிருந்து தலைச்சுமை. எத்தனை படியோ அதற்கேற்ற கூலி. கலெக்டர் அனுமதி இல்லாமல் பொக்லைனை இறக்க முடியாது. அனுமதி வாங்கினாலும் அந்தப் படிகளில் அது இறங்கப் போவதில்லை. கடப்பாரையும் மண்வெட்டியும்தான்.

மானியம் வருகிற வரிசையைப் பாருங்கள். அடித்தளம் முடிந்தால் ஒரு தவணை, கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் லிண்டல் மட்டம் எட்டினால் ஒன்று, கூரை போட்டால் ஒன்று, வேலை முழுவதும் முடிந்தால் மீதி. தடுப்புச்சுவர் இந்த வரிசையில் எங்குமே இல்லை. அது அடித்தளத்துக்கும் முந்தியது. ஆகவே அரசின் முதல் ரூபாய் வருவதற்கு முன்பே அந்த அக்கா மகளிர் குழுவில் கடன் வாங்கியாக வேண்டும். கடன் கிடைக்காதவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஹாலோ பிளாக்கை அடுக்கி மேலே பூசிவிடுவார்கள். நீர் வடிய ஓட்டை விட மாட்டார்கள், ஏனென்றால் ஓட்டை வழியாக முற்றத்தில் சேறு வரும். மழைக்காலத்தில் சுவருக்குப் பின்னால் தண்ணீர் தேங்கி, மண் கனத்து, ஒருநாள் ராத்திரி மொத்தமாகச் சாயும். 2009 நவம்பர் மழையில் இந்த மாவட்டத்தில் நிலச்சரிவுகளில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்குப் பிறகும் வீட்டுத் திட்டப் படிவத்தில் சுவருக்கு ஒரு கட்டம் போடவில்லை.

நகரத்தில் பணம் இல்லையா என்றால், இருக்கிறது. நகராட்சி மார்க்கெட்டை இடித்துப் புதிதாகக் கட்டும் வேலை கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டத்தில் நடக்கிறது. கடைகளோடு வாகன நிறுத்தமும் அதில் உண்டு. வியாபாரிகளுக்கு ஊருக்குள்ளேயே ஏ.டி.சி. என்கிற இடத்தின் பக்கம் தற்காலிகக் கடைகள் போட்டுக் கொடுத்தார்கள். பழைய மார்க்கெட்டில் மழைநாளில் நடந்தவன் எவனும் அதை எதிர்க்க மாட்டான், நானும் எதிர்க்கவில்லை. ஆனால் கடை கட்டினால் வாடகை வரும், பார்க்கிங் கட்டினால் கட்டணம் வரும், ஏழை வீட்டுக்குச் சுவர் கட்டினால் என்ன வரும் என்றுதான் எந்த ஊர் மன்றமும் கணக்குப் போடும். தவிர, சுவருக்கு ரிப்பன் வெட்ட இடமும் இருக்காது.

இன்னொரு விசித்திரம். 2001 கணக்கெடுப்பில் நீலகிரியின் மக்கள்தொகை 7,62,141. 2011-இல் 7,35,394. ஆள் குறைந்த மாவட்டத்தில் வாடகைக்கு வீடு கிடைக்காமல் அலைகிறார்கள். பிள்ளைகள் கோவைக்கும் திருப்பூருக்கும் போய்விட்டார்கள்; காலியான வீடு காட்டேஜ் ஆகிவிட்டது. சீசனில் ஒரு வாரத்தில் வருவதை மாத வாடகையாக எந்தக் குடும்பம் தரும்? வீட்டுக்காரரைத் திட்டியும் பயனில்லை.

சென்னை மாதிரி அடுக்குமாடி கட்டித் தரலாமே என்று கேட்பவர்களுக்கு: மலைப்பகுதி விதிப்படி உயரம் 7 மீட்டர்தான். தரைத்தளம், மேலே ஒரு மாடி, அவ்வளவுதான். அது நல்ல விதி, அதில் கைவைக்க வேண்டாம். அப்புறம் பெரிய குடியிருப்புக்குச் சமமான இடம் தேடி ஊருக்கு வெளியே போவார்கள். விடியற்காலையில் வேலைக்கு வர வேண்டிய துப்புரவுத் தொழிலாளிக்கு அங்கே பஸ் இருக்காது.

நகராட்சிகள் வீடே கட்ட வேண்டாம் என்பது என் கட்சி. தரையைக் கட்டித் தரட்டும். ஒரு தெரு முழுக்க ஒரே நீளமாகக் கருங்கல் தடுப்புச்சுவர், அதன் அடியில் மழைநீர் வாய்க்கால், கைப்பிடியோடு அகலமான படிகள், சாமான் ஏற்றி இறக்க ஒரு கம்பி வடத் தொட்டி. பொதுச் சொத்தாக, பொதுப்பணத்தில். ஒவ்வொரு வீடும் தனித்தனியாகத் துண்டுச் சுவர் எழுப்புவதைவிட அது மலிவு, உறுதியும் கூட. துண்டுச் சுவர்கள் சேரும் மூலையில்தான் எப்போதும் முதல் விரிசல் விடும். அதன் மேல் 30 சதுர மீட்டர் வீட்டை மக்கள் தாங்களே கட்டிக்கொள்வார்கள். அப்போது அந்த இரண்டரை லட்சம் உண்மையிலேயே வீட்டுக்குப் போகும்.

அக்காவின் தெருவில் இருபதுக்குக் குறையாத வீடுகள் ஒரே சரிவில் இருக்கின்றன. டேப் பிடித்து அளந்து, சுவரின் நீளம், உயரம், வாய்க்கால் மட்டம் எல்லாம் போட்டு ஒரு மதிப்பீடு தயாரித்து வைத்திருக்கிறேன். எந்த வார்டு உறுப்பினர் கேட்டாலும் கொடுப்பேன். அதற்கு எனக்குக் காசு வேண்டாம்.