பொன்வண்டின் கழுத்துக்கு ஏற்ற தையல்

"அத்தை, சின்ன வயதில் தீப்பெட்டியில் வளர்த்ததாகச் சொல்வீர்களே, அந்தப் பொன்வண்டைத் தைத்துத் தருகிறீர்களா? தொட்டால் புடைப்பாக இருக்க வேண்டும்" என்று அண்ணன் மகள் கேட்டாள். கொழிஞ்சாம்பாறையில் 15 வருடங்களாகக் கல்யாண பிளவுஸ்களுக்கு ஆரி வேலை, அதாவது கொக்கி ஊசியால் சங்கிலித் தையல் போடும் வேலை, செய்கிறேன். மயிலும் மாங்காயும் கைக்குப் பழக்கம். எழும்பி நிற்கும் பூச்சி புதிது. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நகைப்பெட்டிகளையும் கண்ணாடிச் சட்டங்களையும் இத்தகைய புடைப்புத் தையலால் அலங்கரித்தார்கள். அடியில் ஃபெல்ட் என்னும் தடித்த, மெத்தென்ற துணியை அடுக்கி, மேலே நூலால் மூடுவது அதன் ஒரு வழி.

பொள்ளாச்சிக்குப் பஸ் ஏறி வெள்ளை ஃபெல்ட் வாங்கி வந்தேன். சிறிய துண்டு அடியில், பெரியது மேலே என மூன்று அடுக்கு வைத்தால் முதுகு வளைவாக வரும். அது எளிதாகவே முடிந்தது. மேலே எந்தத் தையல் போடுவது என்பதில்தான் இரண்டு வாரம் போயிற்று.

எங்கள் பக்கத்து வேலமரங்களில் நான் பிடித்த பொன்வண்டுக்கு இறக்கை உறை செம்பழுப்பாக, வழவழப்பாக இருக்கும். கழுத்து பச்சையாக மின்னும்; உற்றுப் பார்த்தால் குழி குழியாகத் தெரியும். ஒரே உடலில் இரண்டு விதமான பரப்பு. இரண்டுக்கும் ஒரே தையல் போட்டால் வண்டு செத்துவிடும்.

உறைக்கு முதலில் பழக்கதோஷத்தில் சங்கிலித் தையல் போட்டேன். ஒவ்வொரு கண்ணிக்கும் ஊசி ஃபெல்ட்டைத் துளைத்து இழுத்ததால் வளைவு அமுங்கிப்போனது. நிறத்தைப் படிப்படியாக மாற்றலாம் என்று நீளமும் குட்டையுமாகத் தைத்தேன். நடுவில் குத்திய இடமெல்லாம் மெத்தைபோல் பள்ளமானது. கடைசியில் விளிம்பில் பின்தையல் ஓட்டி, அதன்மேல் பட்டு நூலால் சாட்டின் தையல் போட்டேன். ஊசி ஓரங்களில் மட்டும் இறங்கும், நடுவில் நூல் தடையின்றிப் படியும். இரண்டு உறைகளையும் நடுக்கோட்டிலிருந்து தனித்தனியாகச் சரித்துத் தைத்ததால் வெளிச்சம் இரண்டிலும் வேறுவேறாக விழுந்தது. உயிருள்ள வண்டும் அப்படித்தான் மின்னும்.

கழுத்துக்குப் பிரெஞ்ச் முடிச்சுகளை நெருக்கமாகப் போட்டேன். பலாத்தோல் மாதிரி ஆகிவிட்டது! முடிச்சு மேடு, எனக்கு வேண்டியது குழி. அதை உணர்ந்த அன்று மொத்தத்தையும் பிரித்தேன். பிறகு காஜா தையலை வலைபோல் பின்னினேன். முதல் வரிசையும் இரு ஓரங்களும் கடைசி வரிசையும் மட்டும் துணியைப் பிடிக்கும். இடையில் உள்ளவை முந்தைய வரிசையின் கண்ணிகளிலேயே கோத்துக்கொள்ளும். முனை மழுங்கிய ஊசியும் முறுக்கேறிய நூலும் இதற்கு அவசியம், இல்லாவிட்டால் நூல் பிளக்கும். கண்ணிகளின் இடைவெளியில் அடியிலிருந்த வெள்ளை எட்டிப் பார்த்தது. அந்த ஃபெல்ட்டை எடுத்துவிட்டுக் கரும்பச்சை வைத்துப் பின்னினேன். ஒவ்வொரு இடைவெளியும் குழியாக இருண்டது. ஜன்னலருகே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கால்களுக்குக் கருப்பு நூல் சுற்றிய மெல்லிய கம்பி போதுமானதாக இருந்தது.

தீப்பெட்டியில் அது முட்டையிட்டிருக்கும் காலையில் நாங்கள் தெருவெல்லாம் காட்டித் திரிந்தது நினைவுக்கு வந்தது. காலோரம் அரிசிமணி அளவில் நூலைச் சுருட்டிய முடிச்சுகள் இரண்டு சேர்த்தேன்.