தங்கச்சின்னு சொன்னவள்

அந்தச் சிறுமிக்கு நான் சொன்ன பதிலில் பொய் எதுவும் இல்லை. நர்சிங் படிக்கும்போது பரீட்சைக்கு எழுதிய விஷயம்தான். அம்மாவின் முட்டையில் எப்போதும் எக்ஸ் குரோமோசோம்தான் இருக்கும். அப்பாவிடமிருந்து எக்ஸ் வந்து சேர்ந்தால் பெண், ஒய் வந்து சேர்ந்தால் ஆண். கேட்ட கேள்விக்கு இதைச் சொல்லாமல் வேறு எதைச் சொல்வது? இப்படித்தான் எனக்கு நானே வாதாடிக்கொண்டிருக்கிறேன். சரியான பதில் என்றால் ஏன் வாதாட வேண்டும் என்பதும் தெரியவில்லை.

நைட் டூட்டி, விடியப் போகிற நேரம். இரண்டாவது பிரசவம், சிக்கல் எதுவும் இல்லை. குழந்தை பிறந்ததும் தாயிடம் தூக்கிக் காட்டி, "என்ன குழந்தைன்னு நீங்களே பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்போம். குழந்தையை மாற்றிவிட்டார்கள் என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாதே, அதற்காக. அவள் தலையைத் தூக்கிப் பார்த்து "பொண்ணு" என்றாள். கேஸ் ஷீட்டில் குழந்தையின் பாதத்தை மையில் ஒற்றி எடுத்தோம். வீறிட்டு அழுதது, நல்ல நிறம், எடையும் நல்ல எடை. லேபர் வார்டில் இருக்கிறவர்களுக்கு இதைவிட நிம்மதி கிடையாது. ஆனால் கதவுக்கு வெளியே காத்திருப்பவர்கள் கேட்பது எடையை அல்ல.

கூட இருந்தது தாயின் அம்மா. வெளியே பெஞ்சில் மாமியாரும் மூத்த பெண்ணும். நான் இன்னொரு துணி கேட்டு வெளியே வந்தபோது சேதி ஏற்கெனவே வந்து சேர்ந்திருந்தது. பெஞ்சில் இருந்த அந்த அப்பாவழிப் பாட்டி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "இதுவும் பொட்டைதானா" என்றார். அப்புறம் பக்கத்தில் இருந்த பேத்தியைத் திரும்பிப் பார்த்து, "அப்பவே தலபாடா அடிச்சிக்கிட்டேன், தங்கச்சி தங்கச்சின்னு சொல்லாதடின்னு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

அந்தப் பெண் இரண்டாம் வகுப்போ மூன்றாம் வகுப்போ. ஜவுளிக்கடைப் பையை மடியில் வைத்திருந்தாள். உள்ளே கையை விட்டு ஒவ்வொரு துணியாகத் தொட்டுப் பார்த்து, துவைத்துத் துவைத்து நைந்துபோன ஒரு வேட்டித் துண்டை எடுத்து என்னிடம் நீட்டினாள். இருந்ததிலேயே மெத்தென்று இருந்தது அதுதான். நீட்டியபடியே கேட்டாள்:

"நர்சம்மா, நான் சொன்னதாலயா தங்கச்சி பொறந்துச்சு?"

நம் ஊரில் இது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். வீட்டில் ஒருத்தி கர்ப்பமாக இருந்தால் சின்னக் குழந்தையைக் கூப்பிட்டு, "அம்மா வயித்துல இருக்கிறது தம்பியா, தங்கச்சியா?" என்று கேட்பார்கள். குழந்தை வாக்கு பலிக்கும். ஸ்கேன் எடுக்கிற இடத்தில் கருவின் பாலினம் சொல்வது குற்றம் என்று 1994 சட்டப்படி போர்டு மாட்டியிருக்கிறது. குழந்தையிடம் கேட்க எந்தச் சட்டமும் தடையில்லை. இவளிடமும் பல பேர் பல தடவை கேட்டிருப்பார்கள். ஒவ்வொரு தடவையும் தங்கச்சி என்றே சொல்லியிருக்கிறாள், பாவம், கூட விளையாட ஆள் வேண்டுமென்று.

நான் அவசரத்தில் இருந்தேன். உள்ளே தாய்க்கு ரத்தப்போக்கு பார்க்க வேண்டும். குழந்தைக்கு முதல் ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுக்க வைக்க வேண்டும். "நீ சொன்னதால எல்லாம் இல்ல கண்ணு. அது உங்க அப்பாகிட்ட இருந்து வர்றது. பொண்ணா பையனாங்கிறது அப்பாவாலதான் ஆகும்" என்றேன். அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்ததைப் பார்த்தேன். அது என் கற்பனை இல்லை. துணியை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

மிச்சத்தை ஆயாம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அப்பா வெளியே பைக்கில் சாய்ந்துகொண்டு நின்றிருக்கிறார், கூட இரண்டு மூன்று சொந்தக்காரர்கள். இவள் ஓடிப்போய் எல்லோர் முன்னாலும், "அப்பா, நான் இல்லையாம். நீதானாம். நர்சம்மா சொல்லிட்டாங்க" என்றாளாம். யாரோ சிரித்திருக்கிறார்கள். அந்த மனிதர் ஒன்றும் பேசாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். டிஸ்சார்ஜ் அன்றுதான் திரும்பி வந்தார். அதுவரை சாப்பாடு வந்தது, பிளாஸ்க்கில் வெந்நீர் வந்தது. அவர் வரவில்லை.

என் வார்த்தையால்தான் வரவில்லையா? பையன் இல்லையென்று தெரிந்ததும் காணாமல் போகிற அப்பாக்களை நாங்கள் பார்க்காததா? நான் வாயே திறக்காமல் இருந்திருந்தாலும் அவர் போயிருக்கலாம். டிஸ்சார்ஜ் அன்று பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டத்தைப் பற்றிச் சொன்னேன். இரண்டு பெண் குழந்தைகளோடு கருத்தடை செய்துகொண்டால் ஆளுக்கு 25,000 ரூபாய் அரசு வைப்பு போடும். அவர் தலையை மட்டும் ஆட்டினார். என்னை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. மூத்தவள் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றாளே தவிர அப்பா பக்கம் போகவில்லை. பாட்டிதான் கேட்டார், "சின்னப் புள்ளகிட்டப் பேசுற பேச்சாம்மா அது?"

சீனியர் சிஸ்டர் ஒருவரிடம் சொல்லிப் பார்த்தேன். "சாமி குடுத்ததுன்னு சொல்லிட்டுப் போயிருந்தா முடிஞ்சிருக்கும்" என்றார். அவர் கிராம சுகாதார செவிலியராக இருந்து வந்தவர். வேண்டாம் என்கிற பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசுத் தொட்டிலில் விட்டுப் போகச் சொன்ன தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில் 1992-ல் தொடங்கிய காலத்தைப் பார்த்தவர். இரண்டாவது, மூன்றாவது பெண் குழந்தை பிறந்த வீடுகளுக்குத் தேடிப் போய், குழந்தை உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்த தலைமுறை. அந்த வீடுகளிலும் சாமி கொடுத்தது என்றுதானே சொல்லியிருப்பார்கள் என்று கேட்டேன். "அதுக்கு நான் என்ன சொல்ல" என்று ரிஜிஸ்டரை எடுத்து எழுத ஆரம்பித்துவிட்டார்.

யோசித்துப் பார்த்தால் அவள் என்னிடம் குரோமோசோம் கேட்கவில்லை. யார்மேல் தப்பு என்று கேட்டாள். நான் ஆளை மாற்றிவிட்டேன், தப்பை அப்படியே விட்டுவிட்டேன். சரி, "யார்மேலயும் தப்பில்ல" என்று சொல்லியிருந்தால்? பெரியவர்கள் சமாதானத்துக்குச் சொல்கிறார்கள் என்றுதான் நினைத்திருப்பாள். கண்ணெதிரே பாட்டி எழுந்து போனதைப் பார்த்தவள் அவள். ஒரு காரணம் கையில் கிடைத்தால்தான் அந்தப் பெஞ்சை விட்டு எழுந்திருக்க முடியும் என்று இருந்தாள். கொடுத்தேன். எழுந்து ஓடினாள். இப்படி நினைக்கும்போது மனசு கொஞ்சம் ஆறுகிறது. அப்பாவின் பக்கமே போகாமல் நின்றது ஞாபகம் வரும்வரை.

இதில் எனக்கு ஒரு சொந்தக் கணக்கும் இருக்கிறது. என் தம்பி வீட்டிலேயே பிறந்தான். என்னை எதிர்வீட்டில் விட்டிருந்தார்கள். அங்கே கம்மங்கூழும் மோர் மிளகாயும் கொடுத்தார்கள், அதைத் தின்றுகொண்டே எங்கள் வீட்டுக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூப்பிட்டு உள்ளே போனபோது சாம்பிராணிப் புகை. முறத்தில் பழைய சேலை மேல் சிவப்பாக ஏதோ கிடந்தது. எனக்கு அது பிடிக்கவே இல்லை. ஆனால் அப்பா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, "எம்பொண்ணு சொன்ன மாதிரியே தம்பியைக் கொண்டாந்துட்டா" என்று தெருவெல்லாம் சொன்னார். நான் தம்பி என்று சொல்லியிருந்தேனாம். எனக்கு அது ஞாபகம் இல்லை. வாயில் சர்க்கரை போட்டார்கள், அடுத்த தீபாவளிக்கு எனக்கு மட்டும் இரண்டு கவுன். ராசிக்காரி என்ற பட்டம் கல்யாணம் ஆகும்வரை கூட வந்தது. அந்தப் பெருமை என்னுடையது இல்லை, அப்பாவின் ஒய் என்று நர்சிங் படித்த பிறகும் நான் வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. லாபமாக இருந்த வரை அந்த நம்பிக்கை என்னை உறுத்தவே இல்லை.

இப்போது தம்பி மனைவி இரண்டாவது முறையாக உண்டாகியிருக்கிறாள். முதலாவது பெண். போன வாரம் அம்மா போனில், "உன் வாக்கு பலிக்கும், நீ ஒரு வார்த்தை சொல்லு" என்றார். அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. அவரிடம் எக்ஸ், ஒய் பேச எனக்கு வாய் வரவில்லை. சும்மா இருந்திருக்கலாம். என்ன தோன்றியதோ, "பொண்ணுதான்" என்றேன். அந்தப் பக்கம் பேச்சே இல்லை. போன் கை மாறியது.

"என்ன அண்ணி இப்படிச் சொல்லிட்டீங்க?" என்றாள் தம்பி மனைவி. சிரித்துக்கொண்டேதான் கேட்டாள், ஆனால் முழுச் சிரிப்பு இல்லை.

"நான் சொல்றதாலயா பொறக்கப் போகுது?"

"தெரியும் அண்ணி. பத்தாம் வகுப்புக்கு நான்தானே அறிவியல் எடுக்கறேன், படம் போட்டே நடத்துறேன்" என்றாள். "இருந்தாலும் நீங்க வாயால சொல்லாதீங்க."