சேற்றில் முடிந்த 3-0

மழை ஆட்டத்தைக் கெடுத்துவிட்டது என்று சொல்லிக் கடந்துபோவது எளிது. ஆனால் 2007 நவம்பர் 26 அன்று பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸும் மயாமி டால்ஃபின்ஸும் மோதிய அமெரிக்கக் கால்பந்து (கூர்முனைப் பந்தைக் கையால் எறிந்தும் காலால் உதைத்தும் ஆடுவது) ஆட்டத்தில் மழையை மட்டும் குறைசொல்வது நியாயமாகாது. அதற்கு முந்தைய சில நாட்களில் அதே மைதானத்தில் பள்ளி அணிகளின் இறுதி ஆட்டங்களும் ஒரு கல்லூரி ஆட்டமும் நடந்திருந்தன. நைந்துபோன தரையின் மேல் புதிய புல்லை விரித்தார்கள், அது வேர்பிடிப்பதற்குள் கனமழை கொட்டித் தீர்த்தது. மின்னலால் ஆட்டமும் தாமதமாகவே தொடங்கியது.

டால்ஃபின்ஸ் வீரர் உயரமாக உதைத்த பந்து கீழே வந்து, துள்ளவோ உருளவோ செய்யாமல், முனை குத்தி அப்படியே சேற்றில் செருகி நின்றது. அந்தக் காட்சியை இன்றும் நம்ப முடியவில்லை. நெடுநாள் கழித்துக் களத்துக்குத் திரும்பிய டால்ஃபின்ஸ் வீரர் ரிக்கி வில்லியம்ஸ் பந்தை நழுவவிட்டதோடு காயமும் பட்டு வெளியேறினார்.

இத்தனைக்கும் நடுவே ஸ்டீலர்ஸின் பென் ராத்லிஸ்பெர்கர் எறிந்த 21 பந்துகளில் 18 சக வீரர்களின் கைகளில் சேர்ந்தன என்பதால், ஈரப்பந்தைப் பிடிக்கவே முடியாது என்ற சாக்கு எடுபடாது. ஆனாலும் புள்ளி எடுக்க அந்த அணியாலும் முடியவில்லை. கடைசியில் 17 விநாடிகள் மிச்சமிருக்கையில் ஸ்டீலர்ஸின் ஜெஃப் ரீட் 24 கெஜத்திலிருந்து கம்பங்களுக்கிடையே உதைத்த பந்து தந்த மூன்று புள்ளிகள்தான் ஆட்டத்தின் ஒரே புள்ளிக்கணக்கானது; ஸ்டீலர்ஸ் 3-0 என வென்றது. அந்தப் பருவத்தில் டால்ஃபின்ஸ் மொத்தம் வென்றது ஒரே ஓர் ஆட்டம்; கொஞ்சம் மாறியிருந்தால் இதுவும் அவர்களுக்கு இன்னொரு வெற்றியாகியிருக்கலாம்.